ஐந்தாவது பிறந்தநாளை ஓடியாடிக் கொண்டாட ஆசை, யோசனை சொல்லுங்கள்

சோழவந்தான் மகள்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. போன வருடம் மதுரையில் ஏசி ஹால் பிடித்தோம். 120 பேர், இரண்டடுக்கு கேக், புகை விடும் மெஷின், பெரிய ஸ்பீக்கர். எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்ததும் பிள்ளையைக் காணோம். மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் கேக்கை நானும் என் கணவரும்தான் வெட்டினோம். அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இதே பிள்ளை சோழவந்தான் பக்கத்தில் இருக்கிற என் அப்பா வீட்டுக்குப் போனால் காலையிலிருந்து ராத்திரி வரை கோழிக்குப் பின்னால் ஓடும். அதனால் இந்த வருடம் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தென்னந்தோப்பு இருக்கிறது, நெல் காயப்போடும் சிமெண்ட் களம் இருக்கிறது, களத்து ஓரமாகப் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. நாலு வயது முதல் எட்டு வயது வரை 14 பிள்ளைகள், பெரியவர்கள் ஒரு 25 பேர்.

என் ஆசை ஒன்றுதான். பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாட, பெரியவர்கள் நாற்காலி போட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. எல்லோரும் சேர்ந்து ஓட வேண்டும். என்ன விளையாட்டு வைக்கலாம், எத்தனை மணிக்கு வைக்கலாம்? என் மாமியாருக்கு இதில் மனமே இல்லை. “ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடாமல் பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுவது என்ன கொண்டாட்டம்” என்கிறார். அவரையும் சமாதானம் செய்தாக வேண்டும்.

ஆரப்பாளையத்தான்

உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது, சகோதரி. நம் பக்கம் பிறந்தநாள் என்பது செய்முறையோடு, அதாவது மொய் வைத்துத் திருப்பிச் செய்யும் வழக்கத்தோடு, சேர்ந்த விஷயம். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் போயிருப்போம், மொய்க்காக வைக்கும் வசந்த விழாவுக்குப் போயிருப்போம். நம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் அதை மனதில் வைத்துக்கொள்வார்கள். ஓடவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். இலை போட்டு, பாயசம் வைத்துப் பரிமாறினால் வந்தவர்களுக்கும் நிறைவாக இருக்கும், உங்கள் மாமியாருக்கும் பேச்சு வராது.

விசில் வாத்தியார்

அம்மா, நான் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்னப் பிள்ளைகளை வைத்து எத்தனையோ விளையாட்டு விழா நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரம். அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் ஜூன் மாத மதுரை வெயில் லேசானது இல்லை. காலை ஆறே முக்காலுக்கு ஆரம்பியுங்கள், ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சிமெண்ட் களத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சாயங்காலம் வைத்தால் பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்து சிணுங்குவார்கள், இருட்டுக்குள் முடிக்கும் அவசரமும் வரும்.

இரண்டாவது, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டையும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்தி அடுத்ததற்குப் போய்விட வேண்டும். “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று அவர்கள் கேட்கும்போது நிறுத்தினால்தான் அடுத்த ஆட்டத்துக்கும் அதே வேகத்தில் ஓடி வருவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். “அவுட்” ஆகி வெளியே உட்கார வேண்டிய ஆட்டம் எதுவும் வேண்டாம். சங்கீத நாற்காலியில் முதலில் வெளியே போவது யார்? எப்போதும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான். அதிகம் ஓட வேண்டிய பிள்ளை இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதை இப்படி மாற்றலாம். நாற்காலியை எடுத்துக்கொண்டே போங்கள், ஆளை எடுக்காதீர்கள். இடம் கிடைக்காத பிள்ளை உட்கார்ந்திருக்கும் யார் மடியிலாவது ஏறிக்கொள்ளட்டும். பெரியவர்களும் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டம் இது. கடைசியில் நாலு நாற்காலியில் மொத்தக் குடும்பமும் குவிந்து கிடக்கும்.

சாக்கு ஓட்டத்துக்கு 50 கிலோ அரிசி மூட்டையை எடுத்துவிடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கழுத்து வரை வரும். பிளாஸ்டிக் சாக்கு சிமெண்ட் தரையில் வழுக்கவும் செய்யும். சணல் சாக்கு வாங்கி, உதறி வெயிலில் காயவைத்து, வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். இடுப்பு அளவுக்கு வந்துவிடும், பிடித்துக்கொள்ளவும் கெட்டியான விளிம்பு கிடைக்கும். மண் தரையில் பத்து மீட்டர் போதும்.

கயிறு இழுக்கிறீர்கள் என்றால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள், பெரியவர்களையும்தான். விரலுக்கு ஆபத்து. சின்னவர்களுக்குப் பழைய நூல் சேலை இரண்டை முறுக்கிக் கயிறாக்கினால் கையும் கன்றாது.

நெல்லைச்சீமை

வாத்தியார் சார் சொன்னதோடு இன்னொன்று. தோப்புக்குள் ஆட்டம் வைக்காதீர்கள் அக்கா. நெற்றுத் தேங்காய் எப்போது விழும் என்று சொல்ல முடியாது, காய்ந்த மட்டையும் விழும். அப்படியே வைத்தாலும் நாலு நாளைக்கு முன்னால் ஆள் விட்டுக் காய் வெட்டி, மட்டையை இழுத்துப் போட்டுவிடுங்கள். வேப்பமர நிழலில் பயமில்லை. முந்தின நாள் மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதியும் அடங்கும், எறும்புப் புற்று இருந்தால் தெரிந்தும்விடும்.

எங்கள் வீட்டில் உப்பு மூட்டைப் பந்தயம் வைத்தோம். ஆளுக்கொரு பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு மரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஒரு சித்தப்பா வேகமாக ஓடித் தடுக்கி விழுந்து, பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதற்கப்புறம் “நடைதான், ஓட்டம் கிடையாது” என்று சட்டம் போட்டோம். நடந்தாலும் சுவாரசியம் குறையவே இல்லை.

செவிலி அக்கா

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பலூன் வெடித்ததும் துண்டுகளை உடனே பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும். மேலே பறக்கும் கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். திருவிழாவில் விற்கிறவர்கள் பலரும் அதில் ஹைட்ரஜனைத்தான் அடைக்கிறார்கள், மெழுகுவர்த்திப் பக்கம் போனால் குப்பென்று பிடிக்கும். கேக் வெட்டும்போது முகத்தில் அடிக்கிறார்களே நுரை ஸ்பிரே, அதுவும் தீப்பிடிக்கும் வாயுவில்தான் பீய்ச்சி வருகிறது.

ஓடும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது. மிட்டாய், முழு வேர்க்கடலை, முழு திராட்சை எதுவுமே. ஆட்டம் முடிந்து உட்கார வைத்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். வீசிங் இருக்கிற பிள்ளை யாராவது வந்தால், இன்ஹேலர் யார் பையில் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் தண்ணீர்.

இவ்வளவு சொல்கிறேனே என்று பயந்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த வழிகாட்டுதலில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கிறது? நீங்கள் செய்யப்போவது நல்ல காரியம்.

இரட்டைச்சடை

உறியடி வையுங்கள் அக்கா! ஆனால் மண்பானை வேண்டாம், ஓடு காலில் குத்தும். நான் பலூன் மேல் செய்தித்தாள் ஒட்டிப் பானை செய்வேன். மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்து, தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்ட வேண்டும். கயிறு கட்டுகிற மேல் பாகத்தில் நாலு சுற்று, அடிப்பாகத்தில் இரண்டே சுற்று. காய மூன்று நாள் ஆகும், அவசரப்பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் பலூனைக் குத்தி எடுத்துவிட்டுப் பொரி, பேரீச்சை, சின்னச் சின்னப் பொம்மை எல்லாம் போட்டு நிரப்பலாம். அடிக்கக் கம்பு வேண்டாம், செய்தித்தாளைச் சுருட்டி நூல் சுற்றிக் கொடுங்கள். அப்போதுதான் கண்ணைக் கட்டிய பிள்ளை யார் மேல் அடித்தாலும் பிரச்சினை இல்லை.

நிழல்மரம்

கொஞ்சம் வேறு விஷயம். என் மகனுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். “ஓடியாடும் பிறந்தநாள்” என்று யாராவது சொன்னாலே, நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவேன். சிலர் எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று நல்லெண்ணத்தில்தான் கூப்பிடாமல் விடுகிறார்கள். கூப்பிடுங்கள். வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

அவன் வயிறு குலுங்கச் சிரித்த ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பழைய பட்டுச் சேலையோ எட்டு முழ வேட்டியோ எடுத்து, சுற்றி நின்று எல்லோரும் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் பத்துப் பதினைந்து பலூனைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கிப் போட வேண்டும். அப்புறம் மெதுவாக அலை போல ஆட்டலாம். சேலை உயரும்போது இரண்டு பிள்ளைகள் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வரலாம். என் மகன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மூலையைப் பிடித்திருந்தான். எண்ணிச் சொல்லும் வேலையையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். அவன் மூன்று என்று சொன்னால்தான் சேலை மேலே போகும். 20 பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சோழவந்தான் மகள்

நிழல்மரம், உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு போன் செய்தேன். என் மகளின் பள்ளித் தோழி ஒருத்திக்குக் காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, போட்டிருக்கிறது. அவள் அம்மா வருவார்களோ மாட்டார்களோ என்று நானாக யோசித்துக் கூப்பிடாமலே இருந்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டேன். வருகிறார்கள். உங்களுக்கு ரொம்ப நன்றி.

ஸ்கார்பரோ தங்கச்சி

நான் கனடாவில் இருக்கிறன். எங்கட மகன் ஜனவரியில் பிறந்தவன், வெளியே முழங்கால் அளவு பனி. முதல் மூன்று வருஷமும் வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். நாலாவது வருஷம் வெளியே போய், பனியில் கலர்த் தண்ணி ஊத்திக் கோடு போட்டு என்ர அப்பா கிளித்தட்டு சொல்லிக் குடுத்தார். உங்கட பக்கம் தாச்சி எண்டு சொல்லுவினம் எண்டு கேள்வி. சின்னப் பிள்ளையளுக்கு விதியொன்றும் விளங்கேல்ல. ஆனால் கோட்டில நிண்டு மறிக்கிற தாத்தாவின்ர கைக்குக் கீழால பூந்து ஓடுறது மட்டும் நல்லா விளங்கிச்சு. எழுபது வயசு மனுசன் பனிச் சப்பாத்தோட அரை மணித்தியாலம் விளையாடினார். உங்கட அப்பாவையும் சும்மா இருத்தாதேங்கோ அக்கா.

ஆரப்பாளையத்தான்

இந்த இழையைப் படித்துவிட்டு என் வீட்டிலும் பேச்சு வந்தது. என் பேரனுக்கு ஆகஸ்டில் நாலு வயது. என் மகன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறான். மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோவிலும் இருக்கின்றன. விடியற்காலையில் போனால் பிள்ளை பாறைப் படியில் கொஞ்ச தூரம் ஏறலாம், தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காட்டலாம், இறங்கி வந்து ஆலமரத்தடியில் இட்லி சாப்பிடலாம். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. சாப்பாட்டை மறுநாள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சோழவந்தான் மகள்

பிறந்தநாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரியே வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். காலை ஆறு மணிக்கு மகளைக் குளிப்பாட்டி, பெருமாள் கோவிலுக்குப் போய் அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். மாமியார் கேட்டது இது, முதலில் நடந்ததில் அவருக்குத் திருப்தி.

ஆறே முக்காலுக்குக் கோலப்பொடியில் களம் முழுக்க நொண்டிக் கட்டம் போட்டேன். இது சரிவரவில்லை. நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்கவே வரவில்லை, ஒரு பையன் சிமெண்டில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். ஐந்தே நிமிடத்தில் நிறுத்தி மண் தரைக்குப் போய்விட்டோம். புதையல் வேட்டையும் ஒழுங்காக நடக்கவில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஒன்பது சீட்டையும் எட்டு வயதுக்காரர்கள் மூன்றே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், சின்னதுகள் அழுதுவிட்டன. பெரிய பிள்ளை ஒருவர், சின்னப் பிள்ளை ஒருவர் என்று ஜோடி சேர்த்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் நினைத்ததற்கு மேலேயே நடந்தன. சாக்கு ஓட்டத்தில் வாத்தியார் சார் சொன்ன இரண்டு மடிப்பு அப்படியே பலித்தது. பிள்ளைகள் முடித்ததும் என் தம்பிகள் இறங்கினார்கள், அதற்கப்புறம் நாத்தனார்கள். உப்பு மூட்டை நடையில் என் மகள் தன் தாய்மாமன் முதுகில் ஏறி, அவன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று ஓட்டினாள். போன வருடம் தன் காதைப் பொத்திக்கொண்டிருந்த அதே கை.

நாற்காலி ஆட்டத்துக்கு ஸ்பீக்கர் வைக்கவில்லை, என் கணவர் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினார். கடைசியில் மூன்று நாற்காலி. என் பெரியப்பா மடியில் ஒருவர், அவர் மடியில் ஒருவர் என்று அடுக்கி, உச்சியில் காலிப்பர் போட்ட அந்தக் குட்டிப் பெண். அவளை எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றிவிட்டார்கள். அவள் அம்மா போட்டோ எடுக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றார்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மணி வரை திண்ணையைவிட்டு இறங்கவில்லை. பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வைத்து நான் “பூப்பறிக்க வருகிறோம்” சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “அது அப்படி இல்லை” என்று திண்ணையிலிருந்து ஒரு குரல். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், “அடியே, மாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் பூவைக் கேட்கணும்!” அப்புறம் அவரால் பொறுக்க முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்து, ஒரு வரிசைக்குத் தலைமையாக நின்றுவிட்டார். அவர் ஊரில் பாடும் முறையே வேறாக இருந்தது. பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டதும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடிவிட்டன.

உறியடிதான் கடைசி. வேப்பங்கிளையில் சின்ன உருளை கட்டி, கயிற்றின் மறுமுனையை அப்பாவிடம் கொடுத்திருந்தோம். பிள்ளை காகிதக் கம்பை ஓங்கியதும் அப்பா சுண்டி இழுப்பார், பானை மேலே போகும். கொஞ்சம் தவிக்கவிட்டு, தலைக்கு நேரே மெதுவாக இறக்குவார். 68 வயது, அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற மாதிரி கயிற்றின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். என் மகள் முறை வந்தபோது நாலு தடவை ஏமாற்றினார். ஐந்தாவது தடவை கண்கட்டுக்கு உள்ளேயிருந்தே அவள் “தாத்தா, இப்ப இழுக்காதீங்க” என்றாள். அவர் இழுக்கவில்லை. ஒரே அடி, அடிப்பாகம் பிய்ந்து பொரி அவள் தலையெல்லாம் கொட்டியது. வெண்மையாக, கொத்துக் கொத்தாக.

பானகமும் நீர்மோரும் இரண்டு அண்டா காலி. கேக்கை ஒன்பதே காலுக்கு மரத்தடியில் வெட்டினோம், சின்ன கேக்தான். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க வேண்டாம் என்று மாமியார் சொன்னதால் குத்துவிளக்கை அவளையே ஏற்றச் சொன்னோம். 39 பேர் சுற்றி நின்று பாடினார்கள். அவள் ஓடி ஒளியவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த பொரியைத் தின்றுகொண்டே நின்றாள். அப்புறம் குளியல், தூக்கம், பன்னிரண்டரைக்கு இலை போட்டுச் சாப்பாடு. செலவு சாப்பாட்டோடு சேர்த்து 14,000 ரூபாய், போன வருடம் ஆனதில் மூன்றில் ஒரு பங்கு.

விசில் வாத்தியார்

அம்மா, அந்த முழங்கால் தேய்த்துக்கொண்ட பையன் மறுபடியும் விளையாட வந்தானா?

சோழவந்தான் மகள்

வந்தான் சார். தண்ணீர் விட்டுக் கழுவி மருந்து போட்ட ஐந்தாவது நிமிடத்தில் சாக்குக்குள் இருந்தான்.

ஆரப்பாளையத்தான்

சகோதரி, அந்த சணல் சாக்கு எங்கே வாங்கினீர்கள்? மலைக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் வீட்டு வாசலில் ஒரு ஓட்டம் வைக்கலாம் என்று பேரன் சார்பில் கேட்கிறேன்.

சோழவந்தான் மகள்

வாங்க வேண்டாம் அண்ணா. எட்டுச் சாக்கு அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வருகிறேன், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். இரண்டில் மட்டும் அடியில் தையல் விட்டிருக்கிறது, கோணி ஊசியால் ஒரு ஓட்டு ஓட்டிக்கொள்ளுங்கள்.